காரீயத்தில் கண்ட காந்தம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பதினான்கு வருடமாக இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகள் ஏழாம் வகுப்பு. பொழிச்சலூர் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில். வேலையை விடாமல் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "எப்பம்மா முடியும்?" என்று மகள் மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

நான் எடுத்துக்கொண்ட பொருள் காரீயம். பேட்டரிக்குள் இருக்கும் அதே காரீயம்தான். அதைத் திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுபோனால் மின்சாரம் அதில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருப்போம். அந்த நிலையில் அதற்கு இன்னொரு குணமும் வந்துவிடுகிறது. காந்தப்புலத்தைத் தனக்குள் அண்ட விடாது, வெளியே தள்ளும். காந்தத்தின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் அளவு வரை தாக்குப்பிடிக்கும், பிறகு சட்டென்று விட்டுக்கொடுத்துச் சாதாரணக் காரீயமாகிவிடும். கட்டியான காரீயம் செய்வது இது. அதையே தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள கம்பிகளாக்கினால் காந்தத்துக்கு முன்னால் எப்படி நடந்துகொள்ளும்? இதுதான் என் கேள்வி. உலகத்தில் பலர் கேட்ட கேள்விதான். என் கையால் கம்பி செய்து, என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவ்வளவு மெல்லிய கம்பியை இழுத்துச் செய்ய முடியாது, வளர்க்கத்தான் வேண்டும். அலுமினியத் தகட்டை அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம் வரும். அந்தப் படலம் முழுக்கத் தேன்கூட்டைப் போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நான் அதைச் சல்லடை என்று சொல்வேன். சல்லடையின் துளைகளுக்குள் காரீயத்தைப் படிய வைத்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்பி. கேட்க எளிது. ஆனால் சல்லடை ஒழுங்காக வர அமிலம் மணிக்கணக்காக உறைநிலையை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் குளிரூட்டும் கருவி ஒன்று இருந்தது. நான் சேர்ந்த இரண்டாம் மாதம் அது நின்றுபோனது. பழுது பார்ப்பதற்கான கோப்பு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மே மாதம்.

ஒருநாள் காலையில் தாம்பரத்தில் இறங்கி மார்க்கெட் வழியாக நடந்தபோது, மீன்கடை ஓரத்தில் கோணிப்பை போட்டு மூடிய பெரிய ஐஸ் பாளங்களைப் பார்த்தேன். கடையில் ஒரு அக்கா உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"இன்னா மேடம் வோணும்? வஞ்சிரம் கீது, சங்கரா கீது."

"மீன் வேணாம்க்கா. ஐஸ் மட்டும் கிடைக்குமா?"

கத்தியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "வூட்ல யார்னா தவறிட்டாங்களா மேடம்?"

இல்லை, காலேஜில் ஒரு சோதனைக்கு என்று விளக்கினேன். பெரிய தொட்டியில் ஐஸையும் கல்லுப்பையும் போட்டு, அதற்குள் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வைத்து, அதற்குள்... அவர் பாதியிலேயே கையைக் காட்டினார். "நல்ல விசயத்துக்குன்னா சரி. டெய்லி எட்து வெக்கிறேன், வந்து வாங்கிக்கினு போங்க."

அன்றிலிருந்து நான் போவதற்குள் கடப்பாரையால் ஐஸை உடைத்து, என் தெர்மகோல் பெட்டியில் நிரப்பி, மேலே கோணி போட்டு வைத்திருப்பார். மீன் வரத்து இல்லாத நாட்களிலும் எனக்கென்று பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி வைத்தார். அந்தப் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்வார்கள். புடவை நனைந்து, மீன் வாசனையோடு முதல் வகுப்புக்குள் நுழைந்திருக்கிறேன். மாணவிகள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் திறந்தார்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓடிப்போய் ஐஸ் போட்டுவிட்டு வருவேன். ஐந்து மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு சல்லடை முழுக்கக் காரீயக் கம்பிகள் வளர்ந்து நின்றன. விரல்நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் துண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

காந்த அளவீட்டுக்கான கருவி எங்களிடம் இல்லை. நகரத்துக்குள் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. ஹீலியம் கிடைப்பதைப் பொறுத்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் எனக்கு ஒதுக்குவார்கள். கருவியை இயக்கியவர் என் வயதையொத்த ஒரு பெண். டிப்ளமோ படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர், கோவிலம்பாக்கத்திலிருந்து தினமும் வருபவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. அதைக் கருவி அறைக்குள் நுழையும் முன் கழற்றி மேசை டிராயருக்குள் வைத்துவிட்டுத்தான் வருவார். நான் எடுத்து வந்த துண்டைக் கத்தரிக்கோலால், கருவிக்குள் இறக்கும் குழல் குச்சியில் நுழையும் அளவுக்கு நறுக்கிக் கொடுத்தேன். அவர் உள்ளே இறக்கினார்.

திரையில் கோடு வர ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்தது, காந்தத்தைத் தள்ளும் ஒரு சரிவு. வந்தது வேறு. நடுவில் ஒரு வளையம். இரும்பைக் கருவிக்குள் வைத்தால் வருமே, அந்த மாதிரி வளையம். வெப்பநிலையை ஏற்றி, காரீயம் மீக்கடத்தியாக இருக்க வழியில்லாத இடத்துக்கு வந்தோம். அங்கேயும் வளையம் நின்றது.

காரீயத்துக்குக் காந்த குணம் கிடையாது. ஆனால் உலோகம் நானோ அளவுக்குச் சிறுத்தால் விசித்திரமாக நடந்துகொள்ளும் என்று படித்திருந்தேன். அதைத்தான் கண்டுவிட்டேன் என்று நினைத்தேன். கருவியை இயக்கியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க காரீயம் இல்ல. இரும்பு."

"இரும்பு எதுவும் நான் யூஸ் பண்ணலையே."

"இல்லதான். ஆனா இந்த மெஷின்ல நான் இதை நிறைய தடவை பாத்திருக்கேன். ரூம் டெம்பரேச்சர்லயும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?"

ஓட்டினார். அறை வெப்பத்திலும் அதே வளையம் அசையாமல் இருந்தது. இரும்பு அப்படித்தான், இந்த வெப்பத்துக்கெல்லாம் மாறாது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதினான்கு வருடம் பாடம் நடத்தியவள் நான், இவர் கருவி இயக்குபவர்தானே என்ற நினைப்பு உள்ளே இருந்தது. அதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

மறுநாள் என் நெறியாளரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் கறாரான மனிதர், லேசில் எதையும் பாராட்டமாட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். "இது நிஜமா இருந்தா பெரிய விஷயம்," என்றார். அந்த வாரமே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். வீட்டில் அன்று கேசரி செய்தேன். மகள் தன் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்துத்தான் அந்த ஒற்றைச் சொல் என்னைக் குடைய ஆரம்பித்தது. இரும்பு. எங்கிருந்து வரும்? நான் தேடிய விதம் எளிமையானது. என்னைத் தவிர மற்ற எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். மீன்கடை ஐஸில் சில நாட்களில் பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். கடப்பாரையின் துரு. அதுதான் என்று நினைத்த மாத்திரத்தில் எனக்கு நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். அக்கா வழக்கம்போலப் பெட்டியை நீட்டினார். வாங்கவில்லை.

"உங்க ஐஸ்ல துரு இருக்குக்கா. அதனால என் அஞ்சு மாச வேலை வீணாப்போச்சு. சுத்தமா வச்சிருக்கக்கூடாதா?"

கடையில் மீன் வாங்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பெட்டியில் இருந்த ஐஸை மீன் கூடைக்குள் கவிழ்த்துவிட்டு, காலிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு வீட்டு ஃபிரிட்ஜிலும் கல்லூரி கேன்டீன் ஃபிரிட்ஜிலும் சுத்தமான தண்ணீரில் ஐஸ் செய்தேன். ஐஸ் போதாமல் சல்லடை இரண்டு முறை கெட்டது. மூன்றாவது முறை தேறியது. அதில் மறுபடி காரீயத்தை வளர்த்தேன். இம்முறை பயத்தோடுதான் நிறுவனத்துக்குப் போனேன். ஹீலியம் முறை வர இன்னும் நாள் இருந்தது. "அறை வெப்பத்தில் மட்டும் பார்த்துத் தர முடியுமா, அதற்கு ஹீலியம் தேவையில்லையே" என்று அந்தக் கருவிப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். சாப்பாட்டு வேளையில் கருவி சும்மா இருக்கும், அப்போது வரச் சொல்லியிருந்தார்.

அதே கத்தரிக்கோல். அதே மாதிரி நறுக்கினேன். அதே வளையம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் காரணம் இல்லை. அப்படியானால் என் கண்டுபிடிப்பு உண்மை என்றுதானே அர்த்தம்? ஆனால் சந்தோஷம் வரவில்லை. மார்க்கெட்டில் அந்த அக்கா ஐஸைக் கவிழ்த்த காட்சிதான் வந்தது.

கருவிப் பெண் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் கொஞ்சம் எலுமிச்சை சாதம் வைத்து என்னிடம் நீட்டினார். "சாப்டுங்க மேடம். ஒண்ணு கேக்கறேன். காரீயம் இல்லாம, வெறும் சல்லடையை மட்டும் வச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. முதல் வருட மாணவர்களிடம் வெற்றுச் சோதனை செய்தாயா என்று கேட்டுக் கேட்டு மதிப்பெண் குறைப்பவள் நான். நான் செய்யவில்லை.

"நாளைக்கு ரெண்டு வெறும் பீஸ் கொண்டு வாங்க. ஒண்ணை நீங்க எப்பவும் கட் பண்ற மாதிரி கட் பண்ணுங்க. இன்னொண்ணை நான் தர்ற பிளாஸ்டிக் இடுக்கியால புடிச்சு ஒடச்சுக்கலாம். கத்தரிக்கோல் வேணாம்."

மறுநாளும் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தார். கத்தரிக்கோல் படாத துண்டு திரையில் ஒரு சாய்ந்த நேர்கோட்டைத் தந்தது. கத்தரிக்கோலால் நறுக்கிய துண்டு, ஒரு துளி காரீயம்கூட இல்லாத வெறும் சல்லடை, அந்த வளையத்தை அப்படியே வரைந்தது. பெரிய விஷயம் என்று நாங்கள் கருத்தரங்குக்கு எழுதிய அதே வளையம்.

காரணம் அடுத்த நிமிடமே புரிந்தது. சல்லடை அலுமினாவால் ஆனது. கத்தி தீட்டும் கல்லிலும் உப்புத்தாளிலும் இருப்பது அதே பொருள். ஒவ்வொரு முறை நறுக்கும்போதும் அது என் எஃகுக் கத்தரிக்கோலை உரசி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூளைத் தன்மேல் அப்பிக்கொண்டிருக்கிறது. இத்தனை நுட்பமான கருவிக்கு அந்தத் தூள் தாராளம். அது என் வீட்டுத் தையல் கத்தரிக்கோல். இப்போதெல்லாம் அது நன்றாக வெட்டுகிறது, சாணை பிடித்தாயா என்று அதற்கு முந்தின மாதம் கணவர் கேட்டிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் சல்லடையின் மேலேயே பிடித்திருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. கருவிப் பெண் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதுக்கெல்லாம் அழாதீங்கக்கா. தங்கத்துல காந்தம் கண்டுபுடிச்சவங்களே இங்க வந்திருக்காங்க." மேடம் என்பது அக்கா ஆனது அன்றைக்குத்தான். தங்கத்தில் காந்தம் கண்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "இடுக்கியை மாத்துனாங்க, சரியாப்போச்சு," என்றார்.

நெறியாளரிடம் சொல்லப் போனபோது வாசலில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே போய், இரண்டு வரைபடங்களையும் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "கருத்தரங்குக்குச் சொல்லணுமே?"

"நான் எழுதிடறேன் சார். தப்பு என்னுது."

"அனுப்பினது நான். அவசரப்பட்டதும் நான். வாபஸ் லெட்டரையும் நானே எழுதறேன்." அப்போதே கணினியைத் திறந்து எழுதினார். தவறு எங்கள் மாதிரித் தயாரிப்பில், இரும்புக் கலப்பு, சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று மூன்று வரி. என் பெயரைக் காரணமாகக் குறிப்பிடவில்லை. அனுப்பிவிட்டு, "நல்லவேளை, அச்சாகறதுக்கு முன்னால தெரிஞ்சுது," என்றார். அந்தக் கறாரான மனிதரிடம் எனக்கு இருந்த பயம் அன்றோடு போயிற்று. மரியாதை இரண்டு மடங்கானது.

பாக்கி இருந்தது மார்க்கெட். காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே போனேன். அக்கா பாறை மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. கடையில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். அது எனக்குச் சரியென்று பட்டது. எல்லோர் முன்னாலும் பேசியதை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டும்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க ஐஸால ஒண்ணும் ஆகல. என் கத்தரிக்கோல்ல இருந்துதான் இரும்பு வந்திருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஐஸ்ல துரு கீதுதான் மேடம். கடப்பாரைல தான ஒடைக்கிறோம், இல்லாம எப்டி போவும்? ஆனா நீங்கோ பாத்தரத்த மூடி வெச்சுகினு, வெளில தான ஐஸு போடுறன்னீங்கோ? மூடிக்கீற பாத்தரத்துக்குள்ள அது எப்டி பூரும்? அத்த அன்னிக்கே கேக்கலாம்னு பாத்தேன். நீங்கோ கோவமா இருந்தீங்கோ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் யோசித்திருக்க வேண்டியதை அவர் மீன் வெட்டிக்கொண்டே யோசித்திருக்கிறார்.

"சரி வுடுங்க. பொட்டி எங்க?"

பெட்டியை எடுத்து வரவில்லை. எந்த முகத்தோடு எடுத்து வருவது? அவர் கடைக்குள் போய் மீன் வரும் தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கழுவி, ஐஸ் நிரப்பிக் கொடுத்தார். வாசனை முன்னைவிடப் பலமாக இருந்தது. நான் சுமந்துகொண்டு போனேன். கண் நிறைந்திருந்ததால் வழியில் ஒரு சைக்கிள்காரர் மேல் இடித்தேன்.

அடுத்த ஹீலியம் முறை தை மாதம் வந்தது. புதிய சல்லடை, புதிய கம்பிகள். கத்தரிக்கோலும் எஃகு இடுக்கியும் ஆய்வகத்துக்குள்ளேயே வரவில்லை. நானும் கருவிப் பெண்ணும் அருகருகே உட்கார்ந்தோம். முதலில் ஒப்பிடுவதற்காக ஒரு சின்னக் காரீயக் கட்டி. கோடு அழகாகச் சரிந்து, பாடப்புத்தகத்தில் உள்ள இடத்தில் சட்டென்று முறிந்து பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு கம்பிகள். அவற்றின் கோடு அவ்வளவு ஆழமாகச் சரியவில்லை. கம்பி அத்தனை மெல்லியது என்பதால் காந்தப்புலம் கொஞ்சம் உள்ளே கசியத்தான் செய்கிறது, முழுதாகத் தள்ள அதனால் முடியவில்லை. ஆனால் கட்டி முறிந்த இடம் வந்தது, கோடு முறியவில்லை. புலத்தைக் கூட்டினார். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கோடு மெதுவாக வளைந்துகொண்டே போயிற்று.

"இன்னும் கூட்டட்டுமாக்கா?"

"கூட்டுங்க."

பல மடங்கு தாண்டிய பிறகுதான் அது தணிந்து பூஜ்யத்தோடு சேர்ந்தது. அறை வெப்பத்தில் வளையம் இல்லை, வெறும் நேர்கோடு. உலகத்தில் வேறு ஆய்வகங்களில் முன்பே பார்த்திருக்கும் நடத்தைதான் இது. புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் மீன்கடை ஐஸில் வளர்ந்த கம்பிகள் அதைச் செய்தன. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தோம்.

சல்லடைத் துளையின் அளவை மாற்றி மாற்றி மேலும் ஒன்றரை வருடம் அளந்தோம். கம்பி மெலிய மெலியத் தாங்கும் புலம் எப்படி ஏறுகிறது என்று ஒரு கட்டுரை தயாரானது. நன்றி சொல்லும் பகுதியில் கருவிப் பெண்ணின் பெயரையும், அதற்கு அடுத்த வரியில் தாம்பரம் மார்க்கெட்டில் எங்களுக்கு ஐஸ் தந்தவரையும் எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். இரண்டாவது வரியைப் படித்துச் சிரித்தார், அடிக்கவில்லை. முதல் வரியைப் பேனாவால் அடித்தார்.

"ஏன் சார்?"

"நன்றியில போட்டா போதுமா? அந்த இரும்பைக் கண்டுபுடிச்சது யாரு? வெறும் சல்லடையை வைக்கச் சொன்னது யாரு? பேரை மேல கொண்டு போங்க. ஆசிரியர் வரிசையில."

அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று இன்றும் நினைப்பதுண்டு. தோன்றியவர் ஒருவர் இருந்தாரே என்றும் நினைத்துக்கொள்வேன். இந்தக் கதையில் எனக்குத் தோன்றாததெல்லாம் யாராவது ஒருவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பட்டம் என் பெயரில் வந்தது.

கட்டுரை வெளிவந்த அன்று கருவிப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன்.

"அக்கா, இவ்ளோ வருஷத்துல எவ்ளோ பேருக்கு ஓட்டிக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

"தெரியும்."

"ஒருத்தர்கூட..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். பிறகு, தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறான், அவனிடம் காட்டிவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஒரு புகைப்படம் வந்தது. கோவிலம்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வரவேற்பறை. சுவரில் சர்ச் காலண்டருக்குப் பக்கத்தில் கட்டுரையின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அவருடைய அப்பா நாற்காலி போட்டு அதற்கு நேரெதிரே உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்.